சிறுதுளைத் துப்பாக்கியும் தொழிலாளர் கழகங்களும்

1899 டிசெம்பரில், ஒரே வாரத்தில், தென்னாபிரிக்காவின் மூன்று களங்களிலே பிரித்தானியப் படை தோல்வியுற்றது. போயர் விவசாயிகளின் குறி தவறாமை ஏகாதிபத்தியத்தைத் திகைக்கவைத்தது. குடிமக்களும் சுடப் பழக வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1901இல் தொழிலாளர் றைபிள் கழகங்களுக்கான சங்கம் பிரித்தானியாவில் தோன்றியது. றொபேட்ஸ் பிரபு அவ்வியக்கத்தை முன்னின்று ஆதரித்தார்.

ஆயின், தொழிலாளியின் கையில் எத்துப்பாக்கியைக் கொடுப்பது? இராணுவத்தின் 0.303 அங்குல றைபிளுக்கு நீண்ட வெளி வேண்டும். தோட்டாவும் விலை கூடியது. 1887இல் அமெரிக்காவில் உருவான 0.22 அங்குல 'லோங் றைபிள்' தோட்டாவோ மலிவானது. ஓசையும் உதைப்பும் குறைந்தது. அதன் தீத்தூண்டும் மருந்து அடிவிளிம்பினுள்ளே அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி நசுக்கத்தக்கதாக அவ்விளிம்பு மெல்லியதாயிருத்தல் அவசியம். எனவே மிகுந்த அமுக்கத்தை அது தாங்காது. போர்க்களத்திற் குறையாகும் இவ்வியல்பே நகர மண்டபமொன்றினுள், 25 யார் தூரத்திற் பயிலுதலைச் சாத்தியமாக்கிற்று. இத்தெரிவைப் பொறியியலைக் காட்டிலும் கூலியும் இடநெருக்கடியுமே தீர்மானித்தன என்பது எமது கருத்து.

1903இல் வேறோர் அமைப்புடன் இணைந்தபோது, சங்கத்தின் பெயரிலிருந்து 'தொழிலாளர்' என்ற சொல் மறைந்தது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கிலே சிறுதுளைத் துப்பாக்கிப் போட்டிகள் இடம்பெற்றன.