இடப்பக்க இருக்கையின் விலை: அமெரிக்க விமானிகளின் ஊதிய விட்டுக்கொடுப்பும் வளர்ச்சி வாக்குறுதியும்

1. சிக்கல்

1983-ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் தொழிற்சங்கங்களின் முன் ஒரு பேரத்தை வைத்தார். பணியில் இருப்போரின் ஊதியத்தில் நிறுவனம் கை வைக்காது. இனிமேல் சேர்வோருக்கு மட்டும் குறைந்த ஊதிய அட்டவணை வரும். அதனால் மிச்சமாகும் பணம் புதிய விமானங்களாகவும் புதிய வழித்தடங்களாகவும் மாறும். அந்நிறுவன விமானிகளின் சங்கமான அலைட் பைலட்ஸ் அசோசியேஷன் இதை ஏற்றுக்கொண்டது. புதிய அட்டவணையின் ஊதியம் பழையதில் ஏறத்தாழ பாதி. விமானிகள் அதற்கு ‘பி ஸ்கேல்’ என்று பெயரிட்டார்கள். அதன்பின் அமெரிக்க விமானத்துறையில் விமானிகள் மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: இன்றைய ஊதியத்தை விட்டுக்கொடுத்து நாளைய வளர்ச்சியை வாங்கலாமா?

இக்கேள்வியை நம்பிக்கையின் கேள்வியாகவே பெரும்பாலோர் பார்க்கிறார்கள். நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா என்று கேட்கிறார்கள். அது தேவையான கேள்விதான், ஆனால் போதுமானதன்று. வாக்குறுதி பொய்த்தபோது விமானிகள் இழந்தது எல்லோருக்கும் தெரியும். அது நிறைவேறிய இடத்திலும் பேரம் சங்கத்தைப் புண்படுத்தியிருக்கிறது. விட்டுக்கொடுப்பவர் யார், வளர்ச்சியால் பயன்பெறுபவர் யார், அந்த வளர்ச்சியைத் தீர்மானிப்பவர் யார் என்ற மூன்றும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்து கிடப்பதே இப்பேரத்தின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பணிமூப்புப் பட்டியலும் வளர்ச்சியின் பொருளும்

பிற தொழில்களில் நிறுவனம் வளர்ந்தால் ஊழியருக்கு மறைமுகமாகவே ஏதேனும் கிடைக்கும். விமானிக்கு வளர்ச்சி நேரடியான பணம். காரணம் பணிமூப்புப் பட்டியல். எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த நாளில் விடுப்பு எடுப்பது, எப்போது துணை விமானியின் வலப்பக்க இருக்கையிலிருந்து கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கு மாறுவது என அனைத்தையும் அப்பட்டியலில் உள்ள எண்ணே தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். நிறுவனம் மாறினால் அந்த எண் கூடவே வராது. இருபதாண்டு அனுபவமுள்ள கேப்டனும் புதிய நிறுவனத்தில் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, விமானி தன் நிறுவனத்தோடு கட்டுண்டவர்; ஊதியம் குறைந்தாலும் எளிதில் விலகிப் போக முடியாது. மற்றொன்று, பட்டியலில் மேலேற அவருக்கு இரண்டே வழிகள் உண்டு: மேலிருப்பவர் ஓய்வுபெற வேண்டும், அல்லது நிறுவனம் புதிய விமானங்களை வாங்க வேண்டும். ஓய்வு வயதைச் சட்டம் தீர்மானிக்கிறது. 2007 டிசம்பரில் அமெரிக்கா அதை 60-இலிருந்து 65-ஆக உயர்த்தியபோது மூத்தோர் மேலும் ஐந்தாண்டு பணியில் நீடிக்க வழி பிறந்தது. அவர்களுக்குக் கீழிருந்தோர் இருந்த இடத்திலேயே காத்திருந்தார்கள். எஞ்சிய வழி நிறுவனத்தின் வளர்ச்சி ஒன்றுதான். அதன் சாவி முழுக்க நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வளர்ச்சி என்ற சொல் விமானிகளிடம் இத்தனை வலிமை பெறுவதற்குக் காரணம் பேராசை அன்று, பட்டியலின் இந்த அமைப்பு.

3. ஒரு கணக்கு

வாதத்தைத் தெளிவாக்க ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். துணை விமானியின் ஆண்டு ஊதியம் 100 பங்கு, கேப்டனுக்கு 150 பங்கு. இளம் துணை விமானி ஒருவர் வழக்கமான நிலையில் ஆறாண்டு கழித்துக் கேப்டனாவார். பத்தாண்டில் அவர் ஈட்டுவது 1200 பங்கு. நிறுவனம் எல்லோரிடமும் 10 சதவீத ஊதியக் குறைப்பைக் கேட்டு, விரைவான வளர்ச்சியை வாக்களிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வளர்ச்சி சொன்னபடியே வந்து அவர் மூன்றாண்டு முன்னதாகக் கேப்டனானால், ஈட்டுவது 1215 பங்கு. 15 பங்கு ஆதாயம். ஓராண்டு மட்டுமே முன்னதாக வந்தால் 1125, நட்டம் 75. வளர்ச்சியே வராவிட்டால் 1080, நட்டம் 120. இரண்டாண்டு எட்டு மாதம் முந்திக் கேப்டனானால்தான் முதலுக்கு மோசமில்லை. அதே நிறுவனத்தில் ஏற்கெனவே கேப்டனாக இருக்கும் மூத்தவருக்கோ 1500 பங்கு 1350 ஆகிறது. வளர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு 150 நட்டம்.

வாக்குறுதி முழுமையாக நிறைவேறினால் இளையவருக்குச் சிறு ஆதாயம், தவறினால் பெரு நட்டம் என்று இந்தப் பேரத்தின் இரு தட்டுகளும் சமமின்றி நிற்கின்றன. இன்னொரு உண்மையும் இங்கே தெரிகிறது. ஒரே சங்கத்தின் உறுப்பினர்களுக்கு இப்பேரம் ஒரே பேரமாக அமைவதில்லை. பட்டியலில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

இப்போது பி ஸ்கேல் பேரத்தை இதே கணக்கில் வைத்துப் பார்த்தால் அதன் ஈர்ப்பு விளங்கும். பணியில் இருக்கும் துணை விமானி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாண்டு முந்திக் கேப்டனானால் அவர் ஈட்டுவது 1350 பங்கு, ஆதாயம் 150. மூத்த கேப்டனுக்கு நட்டமே இல்லை. விலை முழுவதும் இன்னும் பணியில் சேராதவர் தலையில் விழுகிறது. அவருக்கு வாக்குரிமை இல்லை.

4. நிறைவேறிய வாக்குறுதி: அமெரிக்கன் ஏர்லைன்ஸ்

1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட விமானத்துறைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் கட்டணத்தையும் வழித்தடத்தையும் சந்தையிடம் விட்டது. குறைந்த ஊதியத்தில் தொடங்கப்பட்ட புதிய நிறுவனங்களோடு பழைய நிறுவனங்கள் மோத வேண்டியிருந்தது. 1983 செப்டம்பரில் ஃபிராங்க் லொரென்சோ கான்டினென்டல் நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கியெறிந்து, விமானிகளின் ஊதியத்தைப் பாதியளவுக்குக் குறைத்தார். இந்தப் பின்னணியில், இருப்போரின் ஊதியத்தைத் தொடாத கிராண்டலின் திட்டம் நாகரிகமானதாகவே தோன்றியது.

அவர் சொன்னதைச் செய்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. 1984-இல் நிறுவனம் 67 எம்.டி.-80 விமானங்களை வாங்க உறுதி செய்து, மேலும் 100-க்கு விருப்புரிமை பெற்றது. டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் மையம் பெருகியது. ஆயிரக்கணக்கான விமானிகள் புதிதாகச் சேர்ந்தார்கள். மூத்தோர் விரைவாக இடப்பக்க இருக்கைக்கு மாறினார்கள்.

ஆனால் வளர்ச்சி, தன்னை எதிர்ப்போரையும் சேர்த்தே வளர்த்தது. நிறுவனம் பெருகப் பெருக பி ஸ்கேல் விமானிகளின் எண்ணிக்கையும் பெருகியது. ஒரே விமான அறையில், ஒரே பொறுப்பில், ஒரே புயலைக் கடந்து பறக்கும் இருவருக்கு இரு அட்டவணைகள். சேராதவராக இருந்தபோது வாக்கற்றிருந்தவர்கள் சேர்ந்தபின் வாக்காளர்களானார்கள். 1987 ஒப்பந்தத்திலேயே, குறிப்பிட்ட பணிக்காலத்துக்குப்பின் இரு அட்டவணைகளையும் இணைக்கும் ஏற்பாட்டுக்கு நிர்வாகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. வளர்ச்சிக்கு அடித்தளம் என்று சொல்லப்பட்ட குறைந்த ஊதியத்தை அந்த வளர்ச்சியே கரைக்கத் தொடங்கிவிட்டது.

ஊதிய வேறுபாடு சுருங்கினாலும் கசப்பு போகவில்லை. 1990-களில் பூசலின் களம் வேறிடத்துக்கு நகர்ந்தது. சிறு ஜெட் விமானங்களைக் குறைந்த ஊதியத்தில் இயக்கும் துணை நிறுவனத்துக்கு வழித்தடங்கள் போகுமா என்பதே 1997 பிப்ரவரி வேலைநிறுத்தத்தின் மையம். அது தொடங்கிய சில நிமிடங்களில் அதிபர் கிளின்டன் அவசரக் குழு அமைத்து அதை நிறுத்தினார். புதியவருக்குக் குறைந்த ஊதியம் என்ற அதே எண்ணம் இப்போது வேறு நிறுவனத்துக்குக் குறைந்த ஊதியம் என்ற வடிவில் திரும்பி வந்திருந்தது.

இதே பேரத்தை மறுத்தவர்களும் உண்டு. 1985 மே மாதம் யுனைடெட் விமானிகள் இரட்டை ஊதிய அட்டவணையை எதிர்த்து 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளை வரப்போகும் சக ஊழியருக்காக இன்று ஊதியம் இழந்து நின்ற அந்த 29 நாட்கள் தொழிற்சங்க வரலாற்றில் மதிப்புக்குரியவை.

5. பொய்த்த வாக்குறுதிகள்: ஈஸ்டர்ன், யுனைடெட்

அதே யுனைடெட் 1994-இல் வேறொரு பேரத்தில் இறங்கியது. விமானிகளும் இயந்திரப் பணியாளர்களும் பிற ஊழியர் பிரிவினரும் ஏறத்தாழ 490 கோடி டாலர் மதிப்பிலான விட்டுக்கொடுப்புக்கு ஈடாக நிறுவனத்தின் 55 சதவீதப் பங்குகளைப் பெற்றார்கள். விமானிகளின் ஊதியம் 15.7 சதவீதம் குறைந்தது. குறுந்தொலைவுச் சந்தையைப் பிடிக்க ‘ஷட்டில்’ என்ற தனிச் சேவையும் அவ்வாண்டே தொடங்கியது.

பங்கு வைத்திருப்போர் உரிமையாளர்கள் என்பது பொதுக் கருத்து. ஆனால் எந்த விமானம் வாங்குவது, எந்த நகரத்துக்குப் பறப்பது என்பதை விமானி தீர்மானிக்கவில்லை. 2001-இல் ஷட்டில் மூடப்பட்டது. 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பங்குகள் மதிப்பிழந்தன. 2005-இல் ஓய்வூதியத் திட்டங்களும் கைவிடப்பட்டு அரசுக் காப்பீட்டு அமைப்பிடம் சென்றன. ஊதியத்தைப் பங்காக மாற்றிக்கொண்ட விமானி, தன் வேலை, சேமிப்பு, ஓய்வூதியம் மூன்றையும் ஒரே கூடையில் வைத்திருந்தார்.

யுனைடெட்டின் 1994 பேரத்துக்குப் பத்தாண்டு முன்பே ஈஸ்டர்ன் ஊழியர்கள் இவ்வழியில் நடந்திருந்தார்கள். 1983 இறுதியில் ஃபிராங்க் போர்மன் தலைமையிலிருந்த அந்நிறுவனத்தில் விமானிகள் 22 சதவீத ஊதியத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஊழியர்களுக்கு 25 சதவீதப் பங்கும் இயக்குநர் குழுவில் நான்கு இடங்களும் கிடைத்தன. 1986-இல் நிறுவனம் லொரென்சோவின் டெக்சாஸ் ஏர் குழுமத்துக்கு விற்கப்படுவதை அந்த நான்கு இடங்களால் தடுக்க முடியவில்லை. 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன் பறப்பதை நிறுத்தியது.

6. மறுப்பும் விடையும்

விட்டுக்கொடுக்காவிட்டால் நிறுவனமே மறைந்துவிடும், அப்போது உயர்ந்த ஊதிய அட்டவணையால் என்ன பயன் என்ற மறுப்பு வலுவானது. 1991-இல் பான் ஆம் மறைந்ததைக் கண்டவர்கள் இதை எளிதில் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் பிழைப்பதற்கான விட்டுக்கொடுப்பும் வளர்வதற்கான விட்டுக்கொடுப்பும் ஒன்றல்ல. முன்னதில் ஆபத்து கண்முன் நிற்கிறது. கணக்கேடுகளைச் சோதித்து உண்மையை அறியலாம். பின்னதில் விற்கப்படுவது எதிர்காலம்; அதைச் சோதிக்க ஏடு இல்லை. பிழைப்பின் பெயரால் கேட்பதிலும் நேர்மை தேவை என்பதற்கு 2003 ஏப்ரல் சான்று. அமெரிக்கன் விமானிகள் ஆண்டுக்கு 66 கோடி டாலர் விட்டுக்கொடுக்க வாக்களித்த நாட்களில்தான், உயரதிகாரிகளுக்கான ஊக்கத்தொகை ஏற்பாடும் அவர்களது ஓய்வூதியத்துக்கான தனிப் பாதுகாப்பும் வெளிவந்தன. தலைமைச் செயல் அதிகாரி டான் கார்ட்டி பதவி விலக நேர்ந்தது.

இன்னொரு மறுப்பு: நாம் மறுத்தால் வளர்ச்சி வேறொருவருக்குப் போகும். இதுவும் நடந்த கதை. 2013-இல் பி.எஸ்.ஏ. என்ற வட்டார நிறுவனத்தின் விமானிகள் புதிய விமானங்களுக்கு ஈடாக ஊதிய வரம்புகளை ஏற்றார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மற்றொரு வட்டார நிறுவனமான என்வாயின் விமானிகள் 2014-இல் ஒத்த பேரத்தைப் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். எதிர்பார்த்த புதிய விமானங்கள் பிற நிறுவனங்களுக்குச் சென்றன. அன்றைய கணக்கில் என்வாய் தோற்றது. ஆனால் விமானிப் பற்றாக்குறை முற்றிய 2022-இல் அதே குழுமம் தன் வட்டார நிறுவன விமானிகளுக்கு 50 சதவீத அளவில் தற்காலிக ஊதிய உயர்வு அளித்தது. குறைந்த ஊதியத்தால் வளர்ச்சி வரும் என்ற வாதம், ஆட்கள் வராதபோது வளர்ச்சியே நிற்கும் என்ற உண்மையில் முட்டி நின்றது. வளர்ச்சிக்கு விமானம் மட்டும் போதாது, அதை ஓட்டுபவரும் வேண்டும்.

7. வாக்கற்றவரின் உரிமை

சங்கம் தன் பிரிவிலுள்ள அனைவருக்கும் நேர்மையாகப் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் ஸ்டீல் வழக்கில் தீர்ப்பளித்தது. கறுப்பின இரயில்வே தொழிலாளர்களை வெள்ளையர் சங்கம் விலைபேசிய வழக்கு அது. விமானிகளையும் ஆளும் இரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் பிறந்த அக்கடமை அன்று பணியில் இருப்போரைக் காக்கிறது. இன்னும் சேராதவரைக் காக்கும் சட்டம் இல்லை. சட்டம் விட்ட இடத்தைச் சங்கத்தின் மனச்சான்றுதான் நிரப்ப வேண்டும். அதுவும் அறத்துக்காக மட்டும் அன்று. இன்று வாசலுக்கு வெளியே நிற்பவர் நாளை வாக்குச்சீட்டோடு உள்ளே வருவார் என்பதை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அனுபவம் காட்டுகிறது.

8. முடிவுரை

வளர்ச்சிக்காக ஊதியத்தை விட்டுக்கொடுப்பது எப்போதும் தவறு என்பது இக்கட்டுரையின் முடிவன்று. விட்டுக்கொடுப்பைக் கொடை என்று எழுதக் கூடாது, கடன் என்று எழுத வேண்டும் என்பதே முடிவு. கடனுக்குத் தவணை உண்டு, ஈடு உண்டு, தவறினால் விளைவு உண்டு. எத்தனை விமானங்கள், எந்தத் தேதிக்குள், எந்தச் சங்கத்தின் விமானிகளால் ஓட்டப்படும் என்பதை ஒப்பந்தம் எண்ணிட்டுச் சொல்ல வேண்டும். அவை வராத நாளில் குறைந்த ஊதியம் பழைய நிலைக்குத் தானே திரும்ப வேண்டும். குறைப்பின் சுமையைப் பட்டியலின் தலைப்பகுதியும் சேர்ந்தே சுமக்க வேண்டும்.

இந்நிபந்தனைகளை மறுக்கும் நிர்வாகம், தன் வளர்ச்சித் திட்டத்தைத் தானே நம்பவில்லை என்று பொருள். மூத்தோர் அவற்றை மறுத்தால், அவர்கள் வளர்ச்சியை வாங்குவது பிறர் பணத்தில். நாளை வலப்பக்க இருக்கையில் வந்து அமரப்போகும் இளைஞர் இன்று அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. அவர் சார்பில் ஒரு வரியேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின் கையெழுத்திடுவதே சங்கத்துக்கு அழகு.