பந்தாட்ட அரங்கில் விளம்பரப் போர்

2007ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள். கோலாலம்பூர், புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் ஓர் ஆட்டம். மலேசியக் குழுவினரின் சட்டையில் நைக்கி நிறுவனத்தின் வளைகோடு. எதிர்த்தாடிய சீனக் குழுவினரின் சட்டையில் அடிடாஸ் நிறுவனத்தின் மூன்று கோடுகள். இரு தரப்பார் காலிலும் மாறி மாறி உருண்ட பந்தோ நைக்கி செய்தது. சீனம் 5 கோல், மலேசியா 1. தோல்விக்கு வருந்தியவாறே மக்கள் வீடு திரும்பினர். அதே திடலில் வேறொரு போட்டியும் நடந்தேறியதை எண்ணிப் பார்த்தவர் சிலரே இருப்பர். அந்த இரண்டாவது போட்டியின் வேர் ஜெர்மனி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது.

பவேரியா மாநிலத்து ஹெர்சோகெனௌராக் என்னும் ஊரில் அடோல்ஃப் டாஸ்லர், ருடோல்ஃப் டாஸ்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஒன்றாகக் காலணித் தொழில் நடத்தினர். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் அவர்களுடைய காலணிகளையும் அணிந்தார். போருக்குப் பின் சகோதரர்கள் பகைத்துப் பிரிந்தனர். 1948இல் ருடோல்ஃப் 'பூமா'வைத் தொடங்கினார். மறு ஆண்டு அடோல்ஃப் தம் செல்லப் பெயரையும் குடும்பப் பெயரையும் இணைத்து 'அடிடாஸ்' எனப் பெயர் சூட்டினார். பங்காளிப் பகை எத்தகையது என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஊரே இரண்டுபட்டது. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் காலணியைப் பார்க்கும் ஊர் என்று பெயர் பெற்றது.

1954ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டம் பெர்ன் நகரில் கொட்டும் மழையில் நடந்தது. காலணியின் அடிக்குமிழ்களைக் கழற்றி, ஈரத்தரைக்கேற்ற நீண்ட குமிழ்களைத் திருகிக்கொள்ளும் வசதி அடிடாஸ் அணிந்த மேற்கு ஜெர்மானியர்க்கு இருந்தது. 3-2 என ஹங்கேரியை வென்றனர். பொருளின் தரமே அன்று விளம்பரமாயிற்று. அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை.

1970இல் மெக்சிகோ. பெலேயை ஏலம் எடுக்கப் புகுந்தால் இரு நிறுவனமும் நொடித்துப் போகும் என்றஞ்சி, அவரை நாடுவதில்லை என்று டாஸ்லர்களின் மைந்தர் ஹோர்ஸ்ட்டும் ஆர்மினும் உடன்பட்டிருந்தனராம். பூமா அதனை மீறியது. ஆட்டம் தொடங்கும் வேளையில் பெலே நடுவரிடம் சற்று நேரம் கேட்டுக் குனிந்து, காலணிக் கயிற்றைக் கட்டினார். படக்கருவி அவர் காலை நோக்கியது; உலகம் பூமாவைக் கண்டது. அந்தக் கயிற்று முடிச்சுக்குப் பின்னிருந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 120,000 அமெரிக்க டாலர் என்பர். நான்காண்டு கழித்து, பூமாவுடன் ஒப்பந்தம் கொண்டிருந்த யோஹான் குரைஃப், ஹாலந்துக் குழுவினர் அனைவரும் மூன்று கோட்டுச் சட்டை அணிய, தாம் மட்டும் இரண்டு கோட்டுச் சட்டையுடன் ஆடினார். ஒரு கோட்டுக்கா இத்தனை வழக்கு என நகைக்கலாம். வணிகர்க்கு அந்தக் கோடுதான் சரக்கு.

இக்காலத்தில் மலாயா மண்ணில் காற்பந்து எவ்வாறு இருந்தது? 1957இல், விடுதலை பெற்ற ஆண்டிலேயே, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மெர்டேக்காப் போட்டி தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகளோ மாலையில் வெறுங்காலோடு ஆடினர். பள்ளிக்கு அணிந்தது துணிக் காலணி. கிள்ளானில் ஆலை வைத்திருந்த பாட்டாவும் ஃபூங் கியோங்கும் அவற்றைச் செய்தன. அக்காலணிகளின் அடிப்பாகம் ரப்பர். நாட்டின் பெருந்தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியெடுத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். காலணி அன்று காலைக் காக்கும் பொருள், பெருமைக்குரிய பொருளன்று.

உள்நாட்டு விளம்பரம் வேறு வழியில் வந்தது. 1989 முதல் 2004 வரை நாட்டின் லீக் போட்டிகளுக்குப் பொருளுதவி செய்தது டன்ஹில் என்னும் சிகரெட் முத்திரை. மூச்சு வலிமை வேண்டும் ஆட்டத்துக்குப் புகையிலைப் பணம்!

வெளியுலகில் ஹோர்ஸ்ட் டாஸ்லர் 1982இல் ஐ.எஸ்.எல். என்னும் நிறுவனத்தை அமைத்துப் போட்டிகளின் விளம்பர உரிமையையே சந்தைப் பொருளாக்கினார். பணம் கட்டியவர்க்கே அரங்கில் இடம். அமெரிக்க நைக்கி அந்த வேலியைச் சுற்றி வந்தது. 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு அடிடாஸ் சட்டை, பிரேசிலுக்கு நைக்கி சட்டை. 3-0 எனப் பிரான்சு வென்றது. 2010இல் தென்னாப்பிரிக்கப் போட்டிக்கு அடிடாஸ் முறையான புரவலராயிருக்க, நைக்கி தன் விளம்பரப் படமொன்றால் மக்கள் பேச்சைத் தன் பக்கம் இழுத்தது.

ஆசியாவில் இந்த வணிகம் பெருகிய காலத்தில் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. 1978 முதல் 2007 வரை அதன் பொதுச் செயலாளராயிருந்தவர் பீட்டர் வேலப்பன் என்னும் மலேசியத் தமிழர். உலகப் புகழ்பெற்ற சின்னங்கள் இந்நகரின் கதவைத் தட்டின. அக்கதவருகே ஒரு தமிழர் வீற்றிருந்தார். இச்செய்தி பள்ளிப் பாடநூல் ஒன்றிலேனும் இடம்பெறத் தக்கது.

அந்த 2007 போட்டியில் மலேசியா உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனவும் தோற்றது. மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல் 12, அடித்தது 1. சட்டைக்கு அத்தோல்வி இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்துத் திரையிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் கோடுகள் இன்றும் மின்னுகின்றன. பள்ளிக் குழுவில் இடம் கிடைத்த பையன் வீட்டில் கேட்பது காலணியை அன்று, அதன் பெயரை. தந்தை விலையைக் கேட்டு, மாதச் சம்பளத்தை மனத்துள் கூட்டிக் கழித்து, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். பையன் மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை.