ஈட்டு வீடும் மீட்பர் வேடமும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம்

வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெற்றவர் தவணை தவறுமிடத்து, கடன் வழங்கியோர் அவ்வீட்டை ஏலத்தில் விற்றுத் தம் பணத்தை அறவிடுவது மேலைச் சட்ட மரபில் நெடுங்காலமாக நிலவும் வழக்காகும். தவணை தவறிய நாளுக்கும் ஏல நாளுக்கும் இடைப்பட்ட காலமே கடனாளிக்கு எஞ்சிய ஒரே துணை. அக்காலத்தை நீட்டிக் கொடுக்கச் சட்டம் முயன்றதையும், அதே காலத்தை வஞ்சகர் விலை கூறியதையும் ஐக்கிய அமெரிக்க வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1920களில் அந்நாட்டு வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டன. பலர் வட்டியை மட்டும் செலுத்தி, தவணை முடிவிற் கடனைப் புதுப்பித்து வந்தனர். 1929இன் பின் வங்கிகள் முறிந்தன, புதுப்பிப்பார் இல்லாதொழிந்தனர். 1933இல் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. நாட்டுப்புறங்களில் அயலார் ஏலக்களத்திற் கூடி, சில சதங்களுக்கே ஆதனத்தைக் கேட்டெடுத்து உரியவரிடம் மீள ஒப்படைத்தமையும் உண்டு.

அவ்வாண்டு மினசோற்றா மாநிலம் மீட்புக் காலத்தை நீடிக்கும் சட்டமொன்றை இயற்றியது. அது கடனை நீக்கவில்லை. நியாயமான வாடகையைச் செலுத்திக்கொண்டு வீட்டில் இருக்க இடமளித்தது. 1934 சனவரியில் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் அச்சட்டத்தை ஏற்றது. 1933 யூன் மாதத்தில் நிறுவப்பட்ட வீட்டுடைமையாளர் கடன் கூட்டுத்தாபனமோ, கடன் வழங்கியோரிடமிருந்து கடன்களைத் தானே பொறுப்பேற்று, 5 சதவீத வட்டியில், 15 ஆண்டுத் தவணையில் அவற்றை மாற்றியமைத்தது. 1936 வரையில் 10 இலட்சம் கடன்களை, 300 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையில் வழங்கியது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பின்னர் வீட்டை இழந்தனராயினும், பெரும்பாலோர் தப்பினர்.

பிற்காலத்தில் வீடுகளின் பெறுமதி உயர்ந்தபோது, வீடு மிகுந்தும் கைப்பணம் குறைந்தும் இருந்தோர் வஞ்சகருக்கு இரையாயினர். ஏல அறிவித்தல்கள் பகிரங்கப் பதிவுகளாதலின், இடருற்றோரின் பெயரும் முகவரியும் எளிதிற் கிடைத்தன. கலிபோர்ணியா 1979இலேயே இத்தகையோரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியமை இத்தீமையின் பழமைக்குச் சான்றாகும்.

2007இல் தொடங்கிய வீட்டுக் கடன் நெருக்கடியின்போது இவ்வஞ்சகம் பெருகியது. அதன் வடிவங்கள் மூன்று. முதலாவது, வங்கியுடன் பேசித் தருவதாகக் கூறி முற்கட்டணம் பெற்றபின் யாதும் செய்யாதிருத்தல். இரண்டாவது, உறுதியைத் தற்காலிகமாகத் தம் பெயருக்கு மாற்றுமாறு கேட்டு, உரியவரை அவர் வீட்டிலேயே வாடகையாளராக்கி, திரும்ப வாங்க இயலாத நிபந்தனைகளை விதித்தல். மூன்றாவது, புதிய கடன் பத்திரம் எனக் கூறி உரிமை மாற்று உறுதியிலேயே ஒப்பம் பெறுதல். மூன்றிலும், ‘வங்கியுடன் இனிப் பேசவேண்டாம்’ என்ற அறிவுரை பெரிதும் வழங்கப்பட்டது. அதனைக் கேட்டவர், எஞ்சியிருந்த காலத்தையும் இழந்தார்.

சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2010இல் விதித்த விதி இவ்விடத்தையே தாக்கியது. கடன் வழங்கியோரின் எழுத்து மூலமான சலுகை கிடைத்து, அதனை வீட்டுடைமையாளர் ஏற்கும்வரை கட்டணம் பெறலாகாது. கடன் வழங்கியோருடன் தொடர்பை நிறுத்துமாறு கூறலுமாகாது. முற்கட்டணத் தடை 2011 சனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தரணிகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கின் பின்னே சிலர் ஒளிந்துகொண்டனர். அரசின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் கட்டணமின்றியே உதவினர் என்பதைப் பலர் அறிந்திலர்.

1933இன் கூட்டுத்தாபனமும் பிற்கால வஞ்சகரும் கூறிய சொல் ஒன்றே: ‘உமது கடனை நாம் பார்த்துக்கொள்வோம்.’ வேறுபாடு செயலில் இருந்தது. முன்னது கடன் வழங்கியோருடன் வெளிப்படையாகக் கணக்குத் தீர்த்தது. உறுதி உரியவர் பெயரிலேயே இருந்தது. பின்னையோர் கடன் வழங்கியோரை மறைத்தனர். உறுதியையோ பணத்தையோ முதலிற் கேட்டனர். மீட்பரையும் வேடதாரியையும் பிரித்தறிவதற்கு இவ்வரலாறு தரும் உரைகல் இதுவே.