காலிக் கோட்டையின் கான்கள்

காலிக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மதிலோடு நின்றுவிடுகின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வெளியேயுள்ள பஸ் நிலையத்தை வாரிச் சுருட்டியபோது உள்ளே சேதம் குறைவாயிருந்தது. அதன்பின் மதிலின் புகழ் இன்னும் கூடிற்று. எனக்கோ அதன் கான்களே பெரிதாகப் படுகின்றன.

1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர், நிலத்தடியில் கழிவுநீர்க் கான்களை அமைத்தனர். 1988இல் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோவும் இக்கான்களை விதந்து கூறியது. கடல் பெருகும்போது நீர் கானுக்குள் ஏறும். வற்றும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு இறங்கும். நமது கரையிலோ பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் உயரங்கூட இல்லை. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தை நம்பியும் ஒரு நகரின் கழிவு விடப்பட்டது.

இதை ஒல்லாந்தரின் கெட்டித்தனம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். மாதிரி ஐரோப்பாவினதுதான். ஆனால் கோட்டையின் நீள அகல உயரங்கள் இந்நாட்டு அளவைகளுக்கு இசைந்தவை. மதிலில் கருங்கல்லோடு நமது முருகைக்கல்லும் கலந்திருக்கிறது. உழைத்தவையும் உள்ளூர்க் கைகளே. இந்தக் கடலின் குணத்தை அக்கைகளுக்குரியோர் ஒல்லாந்தரிடம் கற்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

வெளிச்சவீட்டருகே மீரான் பள்ளியில் வுழூச் செய்துவிட்டு வெளியே வந்தால் மதிலில் நின்று படம்பிடிப்போர் கூட்டம். காலடியில் ஓடுவதை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெட்லர் தெரு. அதன் ஒல்லாந்தப் பெயர் சோனகச் சில்லறை வியாபாரிகளைக் குறித்தது. சுமந்து விற்றவர்களுக்கு ஒரு தெருவின் பெயராவது கிடைத்தது. கான் தோண்டியவர்களுக்கு அதுவுமில்லை.