கூரையில் சோலர்: எந்தப் பக்கம், எத்தனை பாகை?

பல இலட்சம் ரூபாய் கடன் எடுத்துக் கூரையில் சோலர் பூட்டுபவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை கிலோவாட் என்பதைத்தான். பனல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒருமுறை பூட்டினால் இருபது வருடங்களுக்கு மேல் அப்படியே இருக்கப்போகும் விடயம் அது.

சூரியன் நிற்கும் இடம்

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகை அளவில் உள்ளது. டிசெம்பர் 21 அளவில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே மேலிருந்து 33 பாகை தெற்கே நிற்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஜூன் 21 அளவில் 14 பாகை வடக்கே நிற்கும். ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் தெற்கே திரும்பும்.

கதிர் செங்குத்தாக விழும்போதே பனலுக்கு முழு ஒளியும் கிடைக்கும். தெற்கே 10 பாகை சாய்த்த பனல் டிசெம்பர், ஜூன் இரண்டு நண்பகல்களிலும் நேரடி ஒளியில் 91 வீதத்துக்குக் குறையாமல் பெறும். தெற்கே 30 பாகை சாய்ந்தால் டிசெம்பரில் ஏறத்தாழ முழுவதும், ஜூனில் 72 வீதமும் கிடைக்கும். அதே 30 பாகை வடக்கே சாய்ந்தால் டிசெம்பரில் 45 வீதம் மட்டுமே. ஆகவே செங்குத்தான ஓட்டுக்கூரையின் வடபக்கம் கடைசித் தெரிவாகவே இருக்கவேண்டும். தென்பக்கம் இல்லையென்றால் கிழக்கு, மேற்குப் பக்கங்களுக்குப் பிரித்துப் பூட்டலாம். காலையிலும் பின்னேரத்திலும் உற்பத்தி பரவலாகக் கிடைக்கும்.

தட்டையாக வைக்கலாமா?

நமது அகலக்கோட்டில் தட்டையாக வைப்பதால் ஒளியில் ஏற்படும் இழப்பு சிறியது. ஆனால் மழைநீர் வழிந்தோடாமல் சட்டத்தின் ஓரத்தில் தேங்கி, தூசியும் காக எச்சமும் படியும். சீமெந்துத் தட்டுக் கூரையிலும் 10 பாகைச் சாய்வு கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கோணத்தைவிடப் பெரிய இழப்பு

கோணம் சரியாக இருந்தாலும் ஒரு தென்னையின் நிழல் கணக்கைக் குழப்பிவிடும். பனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் பாதிக்கலாம். வெப்பமும் அப்படித்தான்: பனலின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும். தகரத்தோடு ஒட்டாமல், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுப் பூட்டவேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் திசை, சாய்வு, நிழல் மூன்றையும் கணக்கிட்டு, மாதவாரியாக எத்தனை அலகு கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கடன் தவணை மாதம் தவறாமல் வரும். டிசெம்பர் மாத உற்பத்தி அதற்குப் போதுமா என்று அப்போதே பார்த்துவிடலாம்.