அனில் கும்ப்ளே

அனில் கும்ப்ளே (பிறப்பு: 17 அக்டோபர் 1970, பெங்களூரு) இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர், லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். 132 டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகளும் 271 ஒருநாள் ஆட்டங்களில் 337 விக்கெட்டுகளும் வீழ்த்தியவர். இரண்டிலும் இந்தியர்களில் முதலிடம் அவருக்கே.

லெக் ஸ்பின்னர் கையிலிருந்து வரும் பந்து அகலமாகத் திரும்ப வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். கும்ப்ளேயின் பந்து அவ்வளவு திரும்பாது. சிறு வயதில் மிதவேகப் பந்து வீசிய அவர், சுழற்பந்துக்கு மாறிய பிறகும் அந்த வேகத்தைக் கைவிடவில்லை. நெடிய உருவம், உயரத்திலிருந்து வரும் கை. தரையில் பட்ட பந்து விருட்டென்று எழும். அல்லது தாழ்வாக வழுக்கிக்கொண்டு காலைத் தாக்கும். பின்காலில் நின்று ஆட நினைத்தவர் மட்டையை இறக்குவதற்குள் எல்.பி.டபிள்யூ. ‘இவர் பந்து திரும்புவதில்லை’ என்ற விமர்சனம் கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. விக்கெட்டுகளும் விழுந்துகொண்டே இருந்தன.

பொறியியல் படித்த கும்ப்ளே, 1990 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக மான்செஸ்டரில் தமது முதல் டெஸ்டை ஆடினார். 1993 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த ஹீரோ கோப்பை இறுதியாட்டத்தில் வெஸ்ட் இண்டீஸின் 6 விக்கெட்டுகளை 12 ரன்களுக்குச் சாய்த்தார். ஒருநாள் ஆட்டத்தில் இந்தியர் ஒருவரின் சிறந்த பந்துவீச்சாக அது 20 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1995இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணிக்காக ஒரே பருவத்தில் நூறு விக்கெட்டுகளைத் தாண்டினார்.

பத்துக்குப் பத்து

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்களில் தோற்ற இந்தியா, அடுத்த டெஸ்டுக்காக டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவுக்கு வந்தது. பாகிஸ்தானின் இலக்கு 420. பிப்ரவரி 7 அன்று தொடக்க ஆட்டக்காரர்களான சயீத் அன்வரும் ஷாகித் அஃப்ரிடியும் விக்கெட் இழப்பின்றி 101 ரன் சேர்த்துவிட்டார்கள்.

பிறகுதான் கும்ப்ளேயின் கை ஓங்கியது. அஃப்ரிடி விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்தார். அடுத்த பந்திலேயே இஜாஸ் அகமது எல்.பி.டபிள்யூ. ஒன்பது விக்கெட்டுகள் அவர் கணக்கில் சேர்ந்ததும், மறுமுனையிலிருந்த ஜவகல் ஸ்ரீநாத் தமக்கு விக்கெட் விழாதபடி பந்துகளை ஸ்டம்புகளுக்கு வெளியே தள்ளி வீசினார். கடைசியாக வாசிம் அக்ரம் தட்டிய பந்து ஷார்ட் லெக்கில் நின்ற வி.வி.எஸ். லட்சுமணின் கைக்குப் போனது. பாகிஸ்தான் 207க்குச் சுருண்டது. கும்ப்ளேயின் கணக்கு: 26.3 ஓவர், 74 ரன், 10 விக்கெட். டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்த இரண்டாவது வீரர் அவர். முதலாமவர் ஜிம் லேக்கர் (1956). மூன்றாமவர் அஜாஸ் படேல் (2021).

கட்டுப்போட்ட தாடை

2002இல் ஆன்டிகுவா டெஸ்டில் மட்டை பிடித்தபோது மெர்வின் டில்லன் வீசிய பந்து பட்டு கும்ப்ளேயின் தாடை உடைந்தது. அறுவை சிகிச்சைக்காக அவர் பெங்களூரு திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு களமிறங்கி 14 ஓவர்கள் வீசினார். பிரையன் லாராவை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். ஆட்டம் டிராவில் முடிந்தது. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கட்டுப்போட்ட முகம்தான்.

பிற்பகுதி

2004 அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 13 விக்கெட்டுகள் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் கபில்தேவின் 434 விக்கெட் சாதனையைக் கடந்தார். 2007இல் லண்டன் ஓவல் மைதானத்தில், தமது 118ஆவது டெஸ்டில், முதல் சதத்தை அடித்தார், ஆட்டமிழக்காமல் 110.

அந்த ஆண்டு இறுதியில் டெஸ்ட் அணியின் தலைவரானார். 2008 ஜனவரியில் சர்ச்சைகள் நிறைந்த சிட்னி தோல்விக்குப் பிறகு, பெர்த்தில் இந்தியாவை வெற்றிக்கு நடத்தினார். 600ஆவது விக்கெட் வந்ததும் அங்கேதான்.

2008 நவம்பர் 2 அன்று, பத்து விக்கெட் எடுத்த அதே கோட்லாவில் ஓய்வை அறிவித்தார். விரலில் தையல் போட்ட கையோடுதான் அந்த ஆட்டத்தில் பந்து வீசினார். 2016-17இல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். பெங்களூரு எம்.ஜி. சாலையருகே ஒரு சந்திப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். இந்தியப் பட்டியலில் கும்ப்ளேவுக்கு அடுத்த இடம் அவருடையது.