ஒளியை உண்ணும் சிப்பி

கடல்நீர்த் தொட்டியில் வளரும் பெருஞ்சிப்பி சில வேளைகளில் வாய் பிளந்து, ஓரத்தில் விரிந்திருக்கும் வண்ணச் சதை சுருங்கி வெளுத்துப் போகும். பசியென்று எண்ணி இரையை அள்ளிக் கொட்டினால் நீர் கெடும்; சிப்பியும் மடியும். ஏன்? இதற்கு விடை காண அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1928ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று ஆஸ்திரேலியாவின் பெருந் தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்று, லோ தீவுகளில் ஓராண்டு தங்கியது. அதன் தலைவர் சி. எம். யங் பெருஞ்சிப்பியை ஆராய்ந்தார். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இந்த உயிரின் வண்ணச் சதையில் நுண்பாசிகள் நிறைந்துள்ளன. சிப்பி அவற்றைப் பயிரிட்டு, பின் செரித்து உண்கிறது என 1936இல் எழுதினார்.

அது முழு உண்மையன்று. பாசிகள் உயிரோடிருக்கும்போதே, ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய உணவில் ஒரு பகுதியைக் கிளிசராலாக வெளிவிடுகின்றன என்பதை 1967இல் மஸ்கட்டின் காட்டினார். இரைப்பையிலிருந்து கிளைக்கும் நுண்குழாய்களில் அவை குடியிருப்பது 1992இல் விளங்கியது. சிப்பி நீரை வடிகட்டியும் இரை கொள்ளும். ஆயினும் பாசி தரும் உணவின்றி அது நெடுநாள் தாங்காது.

ஆகவே, வெளுப்பு என்பது பாசிகளின் இழப்பே. வெப்பம் மிகுந்தாலும் ஒளி குன்றினாலும் அது நேரும். முதலில் நீரின் வெப்பநிலையையும் உப்பளவையும் சரிபார்க்க வேண்டும். அடுத்து விளக்கைக் கவனிக்க வேண்டும். ஒளியைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் நன்று. திடீரெனக் கூட்டினால் எஞ்சிய பாசிகளும் அழியக்கூடும். பாசி பிழைத்தால்தான் சிப்பி பிழைக்கும்.